அளவுகோலுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே: வெளிநாட்டுத் தீம் பார்க் அனுபவங்கள்

வெளிநாட்டுத் தீம் பார்க்குகளுக்குப் போய் வந்த நாங்கள் சிலர் ஆளுக்கொரு பகுதியாக எழுதியது இது; முதலில் என் கதை. ஜப்பானின் டோக்கியோ டிஸ்னிசீ என்ற தீம் பார்க்குக்குப் போவது என்று முடிவானதும் நான் முதலில் செய்தது அட்டவணை போட்டதுதான். காலையில் எந்த ரைடு, மதியம் எது, இரவு நிகழ்ச்சியை எங்கே நின்று பார்ப்பது என்று கால் மணி நேரக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். ஆறு வயது மகளின் உயரத்தை மட்டும் அளக்கவில்லை.

அந்தப் பூங்காவின் நடுவே ப்ரொமீத்தியஸ் என்று ஒரு எரிமலை நிற்கிறது. கட்டி எழுப்பிய மலைதான், ஆனால் அவ்வப்போது உறுமும், தீயைக் கக்கும். அதன் வயிற்றுக்குள் ஓடும் ‘ஜர்னி டு த சென்டர் ஆஃப் த எர்த்’ என்ற ரைடுதான் மகளின் மூன்று மாதக் கனவு. படம் வரைந்தாள் என்றால் அந்த மலை, கதை கேட்டாள் என்றால் அந்த மலை. 117 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு அதில் அனுமதி இல்லை என்பதை நான் படித்திருந்தேன். ஆனால் அது என் மகளைப் பற்றிய வரி என்று அப்போது தோன்றவில்லை.

வரிசை தொடங்கும் இடத்திலேயே அளவுகோல் இருந்தது. பணியில் இருந்த இளம்பெண் முட்டி போட்டு உட்கார்ந்து, மகளின் குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று பார்த்தார். தலையை மெல்ல நிமிர்த்திவிட்டு அளந்தார். இன்னொரு முறை அளந்தார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சை விட்டால் குள்ளமாகிவிடுவோம் என்பது போல. ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. மகளின் கண்ணுக்கு நேராக இருந்தபடியே ஜப்பானிய மொழியில் ஏதோ மெதுவாகச் சொல்லித் தலை குனிந்தார். சொன்னது புரியவில்லை, ஆனால் தன்னிடம்தான் பேசுகிறார், அம்மாவிடம் இல்லை என்பது மகளுக்குப் புரிந்தது. அழாமல் தானும் தலை குனிந்தாள். அழுதது அப்புறம், பத்தடி தள்ளி வந்த பிறகு.

பெரியவர்கள் மாறி மாறிப் போக ‘ரைடர் ஸ்விட்ச்’ என்ற ஏற்பாடு இருப்பதையும் அவர்தான் சைகையில் காட்டினார். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்கலாம், மற்றவர் போய் வந்ததும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் போகலாம். நாங்கள் போகவில்லை. அவளை வெளியே நிறுத்திவிட்டு அந்த மலைக்குள் போக எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அட்டவணையை அங்கேயே மடித்து வைத்தேன். அவள் கை காட்டிய பக்கமெல்லாம் நடந்தோம். கூரைக்குக் கீழேயே இருக்கும் மெர்மெய்ட் லகூன் என்ற கடல்கன்னிப் பகுதியில் மட்டும் இரண்டு மணி நேரம். பிறகு பூங்காவுக்குள் ஓடும் நீராவிக் கப்பல் மாதிரியான படகில் ஏறினோம். அது எரிமலை ஓரமாகப் போகும்போது ரைடு வண்டி ஒன்று மலையின் உச்சிப் பக்கமாக வெளியே வந்து சட்டென்று கீழே பாய்ந்தது. “அம்மா, அவங்க வெளிய வந்துட்டாங்க!” என்று கத்தினாள். அந்த நாளிலேயே அவள் அதிகம் சிரித்தது அப்போதுதான்.

போகிறவர்களுக்கு வேறு சில விஷயங்கள். பெயரில் டோக்கியோ இருந்தாலும் இடம் சிபா மாநிலத்தின் உராயாசுவில் இருக்கிறது; இறங்க வேண்டிய நிலையம் மைஹாமா. டோக்கியோ நிலையத்திலிருந்து கெய்யோ தடத்தில் ஏறினால் கால் மணி நேரம்தான். ஆனால் அந்தத் தடத்தின் நடைமேடை மற்ற நடைமேடைகளை விட்டு வெகுதூரத்தில், நிலத்துக்கு அடியில் இருக்கிறது. நகரும் பாதைகளில் நடந்து நடந்தே எங்களுக்கு இருபது நிமிடம் போயிற்று. டிக்கெட் தேதி போட்டுத்தான் கிடைக்கும், விலையும் நாளுக்கு நாள் மாறும். விசா கைக்கு வந்த பிறகு வாங்குவதே நிம்மதி.

* * *

அக்கா, உங்கள் வீட்டில் மகளின் உயரம், எங்கள் வீட்டில் அம்மாவின் முழங்கால்.

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு தீம் பார்க்குகள் இருக்கின்றன. மூன்று நாளில் நான்கையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு 67 வயது. சக்கர நாற்காலி எடுப்போமா என்று கேட்டதற்கு, “நான் என்ன நோயாளியா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முதல் நாள் மேஜிக் கிங்டம். மாலை நான்கு மணிக்கு ஒரு திண்ணைச் சுவரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. “நீங்க போய்ப் பாருங்க, நான் இங்கேயே இருக்கேன்” என்றார். அந்தக் குரலை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அறைக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் எப்காட். அங்கே ஒரு ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள். அந்தப் பாதை மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். வாசலிலேயே சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்தேன். முன்பதிவு எல்லாம் கிடையாது, முதலில் வருபவருக்கு முதலில். அதனால் காலையிலேயே போய்விடுங்கள். அம்மா முகம் கொடுக்காமல் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் மாதம் அது. மதியம் வரை வெயில் கொளுத்தியது, இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தது. அந்த ஊரில் கோடைக் காலத்தில் இது வழக்கம்தானாம். மின்னல் நெருங்கினால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஜப்பான் அரங்கின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். பக்கத்தில் இன்னொரு சக்கர நாற்காலி, அதில் ஒரு பாட்டி. எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை, அவர் பேசியது ஆங்கிலம் இல்லை. மழையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தவர், திடீரென்று கால்சட்டையின் ஒரு பக்கத்தைச் சுருட்டி முழங்காலில் இருந்த நீளமான அறுவைத் தழும்பைக் காட்டினார். பிறகு விரலால் அம்மாவின் முழங்காலைச் சுட்டி, புருவத்தை உயர்த்தினார். அம்மா தன் இடது முழங்காலைத் தட்டி, கையை விரித்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

முக்கால் மணி நேரம் இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பாட்டி அம்மாவின் நாற்காலிக் கைப்பிடியை இரண்டு தட்டுத் தட்டி, நல்ல வண்டி என்பது போல் தலையாட்டினார். அதற்குப் பிறகு நாற்காலியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அம்மாவே கேட்டார், “வண்டி கிடைக்குமா, சீக்கிரம் கிளம்பணுமா?”

நான்கில் இரண்டு பார்க்குகள்தான் பார்த்தோம். மூன்றாம் நாளும் எப்காட்டுக்கே போனோம், அம்மா கேட்டதால். வயதானவர்களோடு போகிறவர்கள் மதியம் அறைக்கு வந்து தூங்கி எழ நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் பூங்காவுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். தங்குமிடத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அம்மாவின் முழங்கால் கொடுத்தது என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

* * *

நான் தனியாகப் போனவன், ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பானுக்கு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இல்லாத ஒரு வசதி எனக்கு இருந்தது: சில ரைடுகளில் ‘சிங்கிள் ரைடர்’ என்று தனி வரிசை வைத்திருக்கிறார்கள். காலியாக விழும் ஒற்றை இருக்கைகளில் நம்மை உட்கார வைப்பார்கள், பெரும்பாலும் சீக்கிரம் நகரும். யாருடனோ சேர்ந்துதான் கத்த வேண்டியிருக்கும். ஒரு முறை எனக்குப் பக்கத்தில் எழுபது வயதுத் தாத்தா ஒருவர். இரும்புப் பட்டை இறங்கியதும் என் கையைப் பிடித்தவர், இறங்கும் வரை விடவில்லை. இறங்கியதும் சட்டையைச் சரிசெய்துகொண்டு முறையாக வணங்கிவிட்டுப் போனார்.

அந்தப் பூங்காவுக்குள் 2021இல் திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு என்ற வீடியோ கேம் பகுதிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டமான நாட்களில் பூங்கா டிக்கெட் மட்டும் போதாது, அந்தப் பகுதிக்கு நேரம் குறித்த தனி அனுமதி வேண்டும். நான் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். மாலையில்தான் இடம் கிடைத்தது. வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாகக் கைப்பேசியில் அந்த அனுமதியை வாங்கிவிடுங்கள்.

* * *

ஐரோப்பாப் பக்கம் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திறந்திருக்கும் மாதங்களை. அங்கே பல பூங்காக்கள் வருடம் முழுக்க இயங்குவதில்லை. கோபன்ஹேகனின் டிவோலி 1843இல் திறந்தது. ஆனால் ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் நடுவில் மூடிவிடுவார்கள். நாங்கள் விமான டிக்கெட் போடும் முந்தின இரவு பார்த்ததால் தேதியை மாற்றிக்கொண்டோம். நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருப்பதால் வந்து இறங்கிய அன்று மாலையே போக முடிந்தது.

அங்கே 1914ஆம் ஆண்டு மர ரோலர் கோஸ்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. பிரேக் பிடிக்க ஒரு ஆள் வண்டியிலேயே நடுவில் உட்கார்ந்து வருவார். எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் பேருந்து ஓட்டுபவர் போல நேராகப் பார்த்துக்கொண்டு நெம்புகோலை இழுக்கிறார். என் அப்பா வேறு எந்த ரைடிலும் ஏறாதவர். “ஆள் இருக்காரே” என்று சொல்லிவிட்டு இதில் இரண்டு முறை ஏறினார்.

* * *

எல்லோரும் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். தாத்தா கையைப் பிடித்த கதையை இரண்டு முறை கேட்டாள். கால்சட்டை சுருட்டிய பாட்டி எந்த ஊர் என்று தெரியாதது அவளுக்குப் பெரிய குறை.

நாங்கள் மறுபடி டிஸ்னிசீக்குப் போகப்போகிறோம். இந்த முறை கால் மணி நேர அட்டவணை கிடையாது. மார்ச் கடைசியில் ஜப்பானியப் பள்ளி விடுமுறை, ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விடுமுறை. இந்த மூன்றையும் தவிர்த்து மே கடைசி என்று வைத்திருக்கிறோம். ரைடுகளைப் பராமரிப்புக்காக மூடும் தேதிகளைப் பூங்கா முன்கூட்டியே வெளியிடும். எங்கள் வாரத்தில் அந்த மலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விமான டிக்கெட்.

ஞாயிற்றுக்கிழமை அளந்தோம், குதிகாலைத் தரையில் அழுத்தி, தலையை நிமிர்த்தி, அந்தப் பெண் அளந்தது போலவே. 119. இன்னொரு முறை அளக்கச் சொன்னாள். அளந்தேன்.