மதுரைக்கு வந்தது, சேலத்துக்கு எப்போது?

குழு: அஸ்தம்பட்டி சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

ரமேஷ் மாமா, காலை 7.05
எல்லாருக்கும் வணக்கம். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது. ஜூனியர் ஹாக்கி உலகக்கோப்பை 2025இல் சென்னையோடு சேர்த்து மதுரைக்கும் வந்தது. நம் சேலத்துக்கு ஒரு உலகப் போட்டி வரக்கூடாதா? மாம்பழம், கொலுசு, உருக்காலை என்று எத்தனை காலம்தான் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருப்பது?

நித்யா, 7.11
மாமா, நான் மதுரைக்குப் போய் அந்தப் போட்டியைப் பார்த்தேன். ரேஸ்கோர்ஸில் புதிதாகக் கட்டிய அரங்கம். கோல் கம்பத்துக்குள் இருக்கும் பலகையில் பந்து அடிக்கும்போது ‘டமார்’ என்று ஒரு சத்தம் வரும், பாருங்கள். டிவியில் அது பாதிகூடக் கேட்காது. பக்கத்தில் ஒரு அம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டு, “கோயிலைப் பார்க்க வர்ற வெள்ளைக்காரங்களத்தான் இத்தனை நாளாப் பார்த்தேன், விளையாட வந்தவங்கள இப்பத்தான் பார்க்கிறேன்” என்றார்.

ரமேஷ் மாமா, 7.13
அதைத்தான் நானும் சொல்கிறேன் கண்ணு. அந்தப் பெருமை நமக்கும் வேண்டும்.

பெரியப்பா, 7.31
ரமேஷ், ஆசையில் தப்பில்லை. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி மெட்ராஸில் நடந்தபோது பள்ளிக்கூடப் பையன்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். நேரு ஸ்டேடியத்தின் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஒரு பையன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். இன்றைக்கு அவனும் ஒரு பி.டி. வாத்தியார்.
ஆனால் பெயர் என்பது இரண்டு பக்கமும் வெட்டும். டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டியில் இந்தியா வாங்கிய பதக்கம் 101. அதில் தங்கம் மட்டும் 38. ஆஸ்திரேலியாவுக்கு அடுத்த இடம். இந்தக் குழுவில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறது? தொடக்க விழாவுக்கு 12 நாள் இருக்கும்போது ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் நடைபாலம் இடிந்து விழுந்ததே, அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஊழல் வழக்கும் கைதும் ஞாபகம் இருக்கின்றன. ஓடி ஜெயித்த பிள்ளைகளின் உழைப்பு அதன் அடியில் போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கார்த்தி, 7.40
பெரியப்பா சொல்வது சரி. ஆனால் சென்னையில் வேறு மாதிரியும் நடந்தது. 2022 செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போர் வந்ததும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் நமக்கு என்று முடிவானது, ஜூலை 28இல் தொடக்கம். நடுவில் நாலு மாதம்தான். மாமல்லபுரத்துக்கு 186 நாட்டுக்காரர்கள் வந்தார்கள். நான் தன்னார்வலராக இருந்தேன்.
நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டதைப் பார்க்க ஊரே திரண்டது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யோடு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். ஆப்பிரிக்க நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் தேடி வந்து, “எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல், காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை” என்றார். டாக்டர் வந்து பார்த்தார். சமையல்கட்டில் ஒரு அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் திரும்பவும் பற்றவைத்து, நொய் போட்டுக் கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் மறுநாள் ஆடினாள்.
இன்றைக்கும் அந்தப் பயிற்சியாளர் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார். ஒவ்வொரு முறையும் அந்தக் கஞ்சியைக் கேட்கிறார்.

ஆயா, 7.44 (குரல் பதிவை நித்யா எழுதியது)
அந்தப் பையன் நல்லா இருக்கணும் சாமி. நேரம் கெட்ட நேரத்துல அடுப்புப் பத்தவெக்க ஒரு மனசு வேணும்.

அமுதா அத்தை, 8.02
இப்போதுதான் காலை டிபன் முடிந்தது, மூன்று அறையிலும் விருந்தாளிகள். ஏற்காட்டில் இருந்து நான் ஒன்று சொல்லட்டுமா? மே மாதக் கோடை விழாவுக்கே 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஊர்ந்துதான் ஏறுகிறது. லாரித் தண்ணீர் வாங்கித்தான் வீட்டையும் விருந்தாளிகளையும் சமாளிக்கிறேன். போன வருடம் வந்த ஒரு குடும்பம் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளைவில் இரண்டு மணி நேரம் நின்றதையும் குழந்தை வாந்தி எடுத்ததையும்தான் சொன்னார்கள். பெயர் வந்தால் கூட்டம் வரும். கூட்டத்துக்குத் தண்ணீர் எங்கே, கக்கூஸ் எங்கே?

ரமேஷ் மாமா, 8.06
அக்கா, இப்படியே யோசித்தால் எந்த ஊரும் எதையும் நடத்த முடியாது. பார்சிலோனாவைப் பாருங்கள். 1992 ஒலிம்பிக்குக்காகக் கடற்கரையில் இருந்த பழைய தொழிற்சாலைகளை எடுத்துவிட்டு மணல் கரை அமைத்தார்கள். அதன் பிறகுதானே உலகமே அங்கே போகிறது?

கார்த்தி, 8.09
உண்மைதான் மாமா. ஆனால் அதே ஊரில்தான் 2024இல் உள்ளூர் மக்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்துப் போராட்டம் செய்தார்கள். வீட்டு வாடகை கட்ட முடியவில்லை என்பதுதான் முக்கியமான புகார்.

பெரியப்பா, 8.15
கனடாவில் மாண்ட்ரியல் என்று ஒரு ஊர். 1976இல் இரண்டு வாரம் ஒலிம்பிக் நடத்தினார்கள். அதற்காகக் கட்டிய ஸ்டேடியத்தின் கடனை 2006இல்தான் அடைத்து முடித்தார்கள். முப்பது வருடம்.

ரமேஷ் மாமா, 8.18
முப்பது வருடமா? பட்டறையில் பெரிய ஆர்டர் என்று நம்பிக் கடனுக்கு வெள்ளி எடுத்துவிட்டு, கொலுசு விற்காமல் நிற்கும்போது ஏறும் வட்டி எனக்குத் தெரியும் அண்ணா. ஒரு வருடமே தாங்காது.

நித்யா, 8.27
நான் ஒன்று கேட்கிறேன். சின்னப்பம்பட்டி என்ற பெயர் எப்படி வெளியே தெரிந்தது? கிரிக்கெட் ஆடும் நடராஜன் அண்ணன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் இந்தியாவுக்காக முதல்முறை ஆடினார். பெரியவடகம்பட்டி? மாரியப்பன் அண்ணன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். நம் ஊருக்கு எந்த உலகப் போட்டியும் வராமலே இவ்வளவு பெயர் வந்திருக்கிறது.
ஆனால் எங்கள் நிலைமையைப் பாருங்கள். நாங்கள் ஏழு பெண்கள் காலை ஐந்தரைக்குப் பயிற்சிக்குப் போகிறோம். மைதானத்தின் கேட் பூட்டியிருக்கிறது. எட்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். எட்டரைக்கு எனக்குக் காலேஜ் பஸ். ரோட்டோரமாக ஓடிவிட்டு வருகிறோம். போன வாரம் ஒரு பைக் உரசியதில் ஒரு தோழிக்கு முழங்கை சிராய்த்துவிட்டது.

அமுதா அத்தை, 8.29
ஐயோ, இதை ஏன் கண்ணு இத்தனை நாளாகச் சொல்லவில்லை?

ரமேஷ் மாமா, 8.30
இது எனக்குத் தெரியாதே! நம் பக்கத்து மைதானமா?

நித்யா, 8.30
ஆமாம் மாமா.

பெரியப்பா, 8.46
ஹாக்கி உலகக்கோப்பையை ஜெர்மனி தூக்கிக்கொண்டு போய்விட்டது. நமக்கு வெண்கலம். ஆனால் அதற்காக மதுரையில் போட்ட டர்ஃப், அந்தச் செயற்கைப் புல்தரை, மதுரையில்தான் இருக்கிறது. அதில் மதுரைப் பிள்ளைகள் தினமும் ஆடினால் இன்னும் பத்து வருடத்தில் அந்த ஊரின் பெயரை அவர்களே சொல்வார்கள். பூட்டி வைத்தால் புல் முளைக்கும். ஏதென்ஸில் 2004க்காகக் கட்டிய அரங்கங்களில் சில அப்படித்தான் பாழாகிப் போயின.
ரமேஷ், உன் ஆசையை நான் தள்ளவில்லை. நம் மாவட்டத்து வாழப்பாடி மைதானத்தில் டிஎன்பிஎல் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தனவே, அந்த மாதிரி படிப்படியாக வரட்டும். வருகிறவர்களுக்கு அடுப்பு மூட்ட நம்மிடம் ஆள் இருக்கிறது. ஆனால் முதலில் அந்த கேட்.

ரமேஷ் மாமா, 8.52
சரி அண்ணா. நாளைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். பட்டறையைப் பையன் பார்த்துக்கொள்வான். நான் வருகிறேன்.

பெரியப்பா, 8.54
மனுவை நான் எழுதுகிறேன். காலை ஐந்து முதல் எட்டு வரை, மாலை ஐந்து முதல் ஏழரை வரை என்று நேரத்தைத் தெளிவாகப் போட வேண்டும். நித்யா, ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றோர் கையெழுத்தும் வாங்கி வை.

நித்யா, 8.55
இன்றைக்குச் சாயங்காலமே வாங்கிவிடுகிறேன் பெரியப்பா.

கார்த்தி, 8.57
கேட் பூட்டியிருப்பதைத் தேதி, நேரத்தோடு ஒரு போட்டோ எடுத்து வை நித்யா. மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

ஆயா, 9.03 (குரல் பதிவை நித்யா எழுதியது)
வெறும் வயித்தோட போகாதீங்க. இட்லி ஊத்தி வெக்கிறேன்.