மரங்கொத்தியின் முதுகு நிறம்: படங்கள் தேவை

வணக்கம் உறவுகளே,

யாழ்ப்பாண வளவுகளில் பனை, தென்னையில் ஏறித் திரியும் மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். தெற்கில் உள்ளதுக்குச் செம்முதுகு. வவுனியா, திருகோணமலைப் பக்கம் இரண்டும் கலந்து செம்மஞ்சள் முதுகோடும் பறவைகள் உண்டு. குடாநாட்டிலும் கிளிநொச்சியிலும் செம்மஞ்சள் சாயலில் யாரும் கண்டிருக்கிறீர்களா? தெளிவான படங்கள் தந்து உதவுங்கள்.

முதுகும் சிறகும் தெரிய, பக்கவாட்டில் எடுங்கள். காலமை எட்டு, ஒன்பது மணி வெளிச்சம் நல்லது. பொழுதுபடும் நேரத்து வெயிலில் மஞ்சளும் செம்மஞ்சளாகத் தெரியும். பலரும் ஏமாறுவது இதில்தான். சாம்பல் நிறப் பனைமரமும் படத்தில் விழுந்தால் நிறத்தை ஒப்பிடலாம். ஃபில்டர் வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

உச்சி முழுக்கச் சிவப்பென்றால் ஆண். நெற்றிப்பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் பின்கொண்டை மட்டும் சிவப்புமென்றால் பெண். முதுகு நிறத்துக்கும் இதுக்கும் தொடர்பில்லை, தலையைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

திகதி, நேரம், ஊர்ப்பெயர், என்ன மரம் என்பதையும் எழுதுங்கள். கூட்டுப் பொந்தென்றால் தள்ளி நின்று எடுங்கள், இடத்தைப் பொதுவில் போட வேண்டாம். வட்டுப்போன பனையைத் தறிக்க முதல் பொந்து இருக்கிறதா என்று ஒருக்கால் அண்ணாந்து பாருங்கோ.