புதுப்பிப்பு: எனக்கென்று அரை மணி நேரம் கிடைத்துவிட்டது

நான்கு வயது மகளையும் ஒன்றரை வயது மகனையும் வைத்துக்கொண்டு, எனக்கென்று பத்து நிமிடம்கூட இல்லை என்று மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன். "குழந்தை தூங்கும்போது நீங்களும் ஓய்வெடுங்கள்" என்றுதான் பலரும் சொன்னீர்கள். ஆனால் அவன் தூங்கும்போது அவள் விழித்திருப்பாளே!

மகளைப் பகலில் தூங்கவைக்க தினமும் போராடிக்கொண்டிருந்தேன். உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதலைப் பார்த்தேன். 3, 4 வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்தே 10 முதல் 13 மணி நேரம்தான். அவள் இரவிலேயே பதினொரு மணி நேரம் தூங்கிவிடுகிறாள். சரி, போராட்டத்தை விட்டுவிட்டேன்.

இப்போது தம்பி தூங்கும்போது அவளுக்கு 'அமைதி நேரம்'. படப் புத்தகம், வண்ணப் பென்சில், கண்ணெதிரே ஒரு மணல் கடிகாரம். ஐந்து நிமிடத்தில்தான் தொடங்கினோம். முதல் வாரம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்தாள். திட்டாமல் கூட்டிப்போய் உட்காரவைத்தேன், அவ்வளவுதான். மெல்ல மெல்லக் கூட்டி இப்போது அரை மணி நேரம்.

ஆரம்பத்தில் அந்த நேரத்தையும் கைப்பேசியில் தொலைத்தேன். களைப்பு கூடியதுதான் மிச்சம். இப்போது அதை வேறு அறையில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் சும்மா உட்காருகிறேன். பாத்திரம் கிடக்கட்டும்.

அப்புறம், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகள் கணவர் பொறுப்பு. நான் வெளியே நடக்கப் போய்விடுவேன். வீட்டிலிருந்தால் கதவைத் தட்டுவார்கள். முதல்முறை தனியாக நடந்தபோது அழுதுவிட்டேன், நிம்மதியில்.

மகன் இரவில் எழுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.