மறுமொழி: ‘மூன் லாஜிக்’ என்பதற்கு ‘மொட்டைமுடிச்சு’ சரிவருமா?

வணக்கம். கணினிச் சாகச விளையாட்டுகளில் விடைக்கும் புதிருக்கும் தொடர்பே புரியாத புதிர்களின் போக்கை ஆங்கிலத்தில் ‘மூன் லாஜிக்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘மொட்டைமுடிச்சு’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘நிலாத் தர்க்கம்’ என்றே வைத்துவிடலாமே, நேரடியாக இருக்கிறது.

நேரடியாக இருப்பதுதான் சிக்கலே. நிலவையும் கிறுக்கையும் சேர்த்துப் பார்ப்பது ஆங்கிலத்தின் வழக்கம். நமக்கு நிலா என்றால் குளிர்ச்சி, காதலியின் முகம். ‘இந்த விளையாட்டில் நிலாத் தர்க்கம் அதிகம்’ என்று ஒரு விமர்சனத்தில் படித்தால் ஏதோ பாராட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பேன்.

நாம் குறிக்க விரும்புவது, விடையைப் பார்த்த பிறகும் ‘இது எப்படி எனக்குத் தோன்றும்?’ என்று ஆடுபவர் கேட்கிற புதிரை. எல்லோரும் காட்டும் உதாரணம் 1999இல் வந்த கேப்ரியல் நைட் 3 என்ற விளையாட்டு. இன்னொருவர் பெயரில் முன்பதிவான வாடகை மோட்டார் சைக்கிளை எடுக்க அவரைப் போல வேடம் போடவேண்டும். அதற்குப் பூனையின் முடியை ஒட்டுநாடாவில் பிடித்து, மேப்பிள் பாகால் ஒட்டி, மீசை தயாரிக்கவேண்டும். அந்த ஆளுக்கோ மீசையே கிடையாது. அவருடைய கடவுச்சீட்டுப் படத்திலும் நாமே ஒரு மீசை வரைந்துவிட வேண்டும்! மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் இதைவிட அப்பட்டமாக முடிச்சுப் போட முடியாது. (விஷயமும் முடியாகவே அமைந்தது தற்செயல்.)

‘மொட்டைமுடிச்சு’ அந்தப் பழமொழியிலிருந்து வந்ததுதான். புதிரை ‘அவிழ்ப்பது’ என்று ஏற்கெனவே சொல்கிறோம், ஆகவே முடிச்சு புதிதல்ல. மொட்டைக்கடிதத்தில் எழுதியவர் பெயர் இருக்காது; இந்த முடிச்சில் பிடித்து இழுக்க நுனி இருக்காது.

> கடினமான புதிர் எல்லாவற்றையும் இப்படித் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தப் பயம் எனக்கும் உண்டு, அதுவும் இண்டி விளையாட்டுகள் (பெரிய நிறுவனங்களைச் சாராமல் தனியாட்களோ சிறு குழுக்களோ உருவாக்குபவை) விஷயத்தில். ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின் (2018) என்னைப் பல நாள் திணறடித்தது. கப்பலில் இருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்கவேண்டும். மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் விளையாட்டு ஒப்புக்கொள்ளும், அதனால் குருட்டாம்போக்கில் அடித்துவிட்டுப் போவதும் எளிதல்ல. ஆனால் தொங்குபடுக்கையின் எண், காலணி, பேச்சின் சாயல் என்று நுனிகள் கண்ணெதிரிலேயே கிடக்கின்றன. விடை தெரிந்ததும் ‘அட, இதைப் பார்க்காமல் விட்டேனே’ என்று நம்மையே நொந்துகொள்கிறோம். அது கடும்புதிர், மொட்டைமுடிச்சு அல்ல. விமர்சகர் எந்த நுனி இல்லை என்று சுட்டிக்காட்டிய பிறகே இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

> மங்கி ஐலண்ட் 2இல் வரும் குரங்கு?

1991இல் வந்த அந்த விளையாட்டில் ஒரு குரங்கைத் திருகுச்சாவியாகப் பயன்படுத்தவேண்டும், ஏனென்றால் அமெரிக்காவில் அந்தக் கருவியின் பெயர் ‘மங்கி ரெஞ்ச்’. ‘ஸ்பேனர்’ என்று பழகிய ஆங்கிலேயருக்கே அது எட்டாது. ஆனாலும் நுனி இருக்கிறது, மொழிக்குள் இருக்கிறது. இதற்குச் ‘சிலேடைமுடிச்சு’ என்று தனிச்சொல் வைக்கலாம்.

என்னைக் குழப்புவது ஃபெஸ் (2012) என்ற விளையாட்டு. அதில் வரும் கருங்கல் புதிருக்கு ஆடுபவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பொத்தான் வரிசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தே விடை கண்டார்கள். முடிச்சை அவிழ்க்கவில்லை, அறுத்தார்கள். நுனியே இல்லையா, யார் கண்ணிலும் படவில்லையா? இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எழுதுங்கள்.

அப்புறம், சேர்த்தே எழுதுவோம். ‘மொட்டை முடிச்சு’ என்று பிரித்தால் யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறது.