1892இல் ஓசூருக்கு எப்படிப் போவது?

ஷெர்லாக் ஹோம்ஸை நம்ம ஊருக்குக் கூட்டிவந்து ஒரு கதை எழுதுகிறேன். பாதியிலேயே நிற்கிறது. மூலக் கதைகளின்படி, 1891இல் அருவியில் விழுந்து இறந்ததாக நம்பப்பட்டவர் 1894இல்தான் லண்டன் திரும்புகிறார். அந்த இடைவெளியில், 1892இல், 13 வயது ராஜாஜியை ஓசூரில் சந்திக்கிறார். (தொரப்பள்ளியில் பிறந்த இந்தப் பையன் ஹோம்ஸின் நண்பர் வாட்சனை ஓரங்கட்டிவிடுவான், அது வேறு கதை.)

சிக்கல் பயணத்தில். பெங்களூர் வரை ரயில். சரி, அப்புறம்? தர்மபுரிக்கே 1906இல்தான் ரயில் வந்தது. 1883ஆம் வருட சேலம் மாவட்டக் கையேட்டைப் புரட்டினேன், கிருஷ்ணகிரி நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன், ஓசூர்ப் பெரியவர்களிடமும் கேட்டேன். ஒருவர் மாட்டுவண்டி என்கிறார், இன்னொருவர் ஜட்கா (குதிரை வண்டி) என்கிறார்.

அந்தச் சுமார் 40 கி.மீ. வழியை அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரர் எந்த வண்டியில், எத்தனை மணி நேரத்தில் கடந்திருப்பார்?