வீஆர் தரவுக் காட்சிப் பாடம்: 24 மாணவர், 4 ஹெட்செட். செயற்றிட்டங்களை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: ஓமந்தைச்சந்தி

வணக்கம். வவுனியாவில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மெய்நிகர் வெளியில் (வீஆர்) தரவைக் காட்டும் பாடம் ஒன்று தொடங்குகிறது. 15 கிழமை, கிழமைக்கு 2 மணித்தியாலம் ஆய்வுகூடம். 24 பேர். கையில் இருப்பது தலையில் அணியும் குவெஸ்ட் 2 வீஆர் ஹெட்செட் நான்கு. ஆய்வுகூடக் கணினிகள் ஐ3 செயலி கொண்டவை, தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு இணையம் மந்தம்.

மாணவர்களுக்குப் பைதன் வரும். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரியும். முப்பரிமாணம் எல்லாருக்கும் புதிது. வன்னித் தரவையே எடுத்துச் செய்ய வைக்க விருப்பம்: குளம், மழை, கிணறு இப்படி. குழுவுக்கு எத்தனை பேர் போடலாம், முப்பரிமாணக் காட்சி உருவாக்க யுனிட்டி மென்பொருளா, பிரவுசரில் இயங்கும் ஏ-பிரேம் நூலகமா, எப்படிப்பட்ட தலைப்புகள் 15 கிழமைக்குள் முடியும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பாலைநிழல்

தலைப்பைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஹெட்செட் நிமிடத்தைக் கணக்குப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கும்.

120 நிமிடத்தில் எடுத்து வைக்க 10, திருப்பி வைக்க 10 போனால் மிச்சம் 100. ஒரு முறைக்கு 15 நிமிடம் அணியலாம். அடுத்தவருக்கு மாற்ற 5 நிமிடம் வேண்டும்: முகப்பஞ்சைத் துடைப்பது, பட்டியை இறுக்குவது, கண் இடைவெளியைச் சரிசெய்வது, எல்லைக்கோட்டை மீண்டும் வரைவது. ஆகவே ஒரு ஹெட்செட்டுக்கு 5 முறை, நாலுக்கும் சேர்த்து 20 முறை. நாலு பேர் கொண்ட 6 குழு என்றால் குழுவுக்குக் கிழமைக்கு 3 முறை, 2 முறை உபரி. மூன்று பேர் கொண்ட 8 குழு என்றால் இரண்டரை முறை. அந்த அரை முறைக்குத்தான் ஒவ்வொரு கிழமையும் இழுபறி வரும். நாலு பேரே போடுங்கள்.

குவெஸ்ட் 2இன் பற்றரி 2 முதல் 3 மணித்தியாலம் நிற்கும். ஒரு வகுப்புக்குக் காணும். அன்றைக்கே அடுத்த வகுப்பும் இருந்தால் காணாது. 15 வாட் தரும் பவர்பேங்க் இரண்டை வைத்து மாறி மாறி ஏற்றுங்கள்.

உங்கள் கணினிகளுக்கு ஏ-பிரேம்தான் பொருந்தும். யுனிட்டியில் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் செயலியை முழுதாகக் கட்டி (பில்ட் செய்து) ஹெட்செட்டுக்கு ஏற்ற வேண்டும். ஐ3 கணினியில் அந்தக் காத்திருப்பு உங்கள் 15 நிமிடத்தை விழுங்கிவிடும். ஹெட்செட்டைக் கேபிளில் பூட்டிக் கணினியின் படத்தைப் பார்ப்பதற்கும் நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். ஏ-பிரேமில் கோப்பைச் சேமித்து, பிரவுசரைப் புதுப்பித்தால் போதும்.

இதில் எல்லாரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. கணினியில் பைதன் சேர்வரை ஓட்டிவிட்டு, ஹெட்செட் பிரவுசரில் கணினியின் ஐபி முகவரியைத் தட்டினால் பக்கம் வரும், ஆனால் வீஆருக்குள் நுழைய முடியாது. பிரவுசரில் வீஆரை இயக்கும் வெப்எக்ஸ்ஆர் வசதி பாதுகாப்பான இணைப்பில்தான் இயங்கும், சாதாரண எச்டிடிபி முகவரியில் இயங்காது. லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது கருவி தன்னையே குறிக்கும் முகவரிக்கு, மட்டும் விலக்கு உண்டு. எனவே யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு கருவிகளைக் கட்டுப்படுத்தும் ஏடிபி என்ற நிரலின் ரிவர்ஸ் கட்டளையால் ஹெட்செட்டின் 8080 போர்ட்டைக் கணினியின் 8080க்குத் திருப்பிவிடுங்கள். பிறகு ஹெட்செட்டில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று திறந்தால் வேலை செய்யும், இணையமே தேவையில்லை. ஏ-பிரேம் நூலகக் கோப்பையும் தரவிறக்கிக் கணினியிலேயே வைத்திருங்கள். வெளி இணைப்பில் விட்டால் மத்தியானம் வெறும் வெள்ளைத் திரைதான் வரும்.

ஏடிபி வேலை செய்யத் தேவையான டெவலப்பர் மோட் திறப்பது, கணக்குகள், ஹெட்செட்டின் அப்டேட் மூன்றையும் பாடம் தொடங்குவதற்கு முதல் கிழமையே முடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் அணைந்து கிடந்த ஹெட்செட் உயிர்வந்ததும் பெரிய அப்டேட் கேட்கும். நாலும் ஒரே நேரத்தில் கேட்டால் அன்றைய வகுப்பு அதோடு சரி.

பதில்: முறிப்புக்குளம்

பாலைநிழல் சொன்ன கணக்கு சரி. நான் தரவுப் பக்கம் வருகிறேன். வன்னியை வீஆரில் காட்டப் போகும் எவரும் முதலில் இடறும் கல், எங்கள் நிலம் தட்டை என்பது.

பக்கத்துக்கு 30 கிலோமீற்றர் உள்ள சதுர நிலத்தை வீஆருக்குள் 1.5 மீற்றர் மேசை ஒன்றில் விரித்தால் அளவுத்திட்டம் 1:20,000. கிளிநொச்சிப் பக்கம் 50 மீற்றர் உயர வேறுபாடு என்று வைத்தால், மேசையில் அது இரண்டரை மில்லிமீற்றர். கண்ணுக்கே தெரியாது. சரி என்று உயரத்தை மட்டும் 20 மடங்காக்கினால் 5 சென்ரிமீற்றர் வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தரவின் பிழையும் அதே 20 மடங்கு வளரும். எஸ்ஆர்டிஎம் என்ற இலவச நில உயரத் தரவு விண்ணிலிருந்து ராடாரால் எடுத்தது. காட்டில் அது நிலத்தைப் பார்ப்பதில்லை, மர உச்சிக்கும் நிலத்துக்கும் இடையில் எங்கோ ஒரு மட்டத்தைத்தான் பார்க்கிறது. 10 மீற்றர் அப்படிக் கூடினால் மேசையில் 1 சென்ரிமீற்றர் மேடு எழும். மாணவர் அதை மலை என்று நம்பி, மழைநீர் அதைச் சுற்றி ஓடுவதாகவும் அனிமேஷன் செய்துவிடுவார். காடும் கட்டிடமும் நீக்கித் திருத்திய ஃபாப்டெம் என்ற உயரத் தரவு ஏறத்தாழ 30 மீற்றர் கட்டங்களாகக் கிடைக்கிறது, வணிகமல்லாத பாவனைக்கு இலவசம். அதை எடுங்கள். எடுத்த பிறகும், எத்தனை மடங்கு உயர்த்தியது என்பதை மேசையின் விளிம்பிலேயே எழுத வைக்க வேண்டும்.

இரண்டாவது, குளத்தின் அடி. எஸ்ஆர்டிஎம் எடுக்கப்பட்டது 2000 பெப்ரவரியில். அன்றைக்குக் குளத்தில் நின்ற நீரின் மேற்பரப்புத்தான் அதில் உள்ளது, அடி இல்லை. ஆகவே அதை வைத்து இரணைமடுக் குளத்தில் நீரை ஏற்றி இறக்கிக் காட்டும் செயற்றிட்டம் நடவாது. சிலர் குளத்தை ஓர் உருளையாக வரைந்து நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். அதுவும் பிழை. 36 அடிக் குளத்தில் 35இல் இருந்து 36க்கு ஏறும் ஓர் அடியும், 10இல் இருந்து 11க்கு ஏறும் ஓர் அடியும் ஒரே அளவு நீர் அல்ல. மேலே போகப் போகக் குளம் அகலும். மட்டத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள அட்டவணை கிடைத்தால் மட்டும் இந்தத் தலைப்பைக் கொடுங்கள்.

மழைக்கு சிர்ப்ஸ் என்ற, செய்மதியும் மழைமானிகளும் சேர்ந்த தரவு நல்லது. 1981 முதல் உண்டு, ஒரு கட்டம் ஏறத்தாழ 5.5 கிலோமீற்றர். காலபோக மழை எந்த ஆண்டு முந்தியது, எந்த ஆண்டு பிந்தியது என்று நாற்பது வருடத்தையும் அடுக்கடுக்காக நிறுத்தினால் ஆழம் என்ற பரிமாணத்துக்கு உண்மையான வேலை கிடைக்கும். நான் முதலில் கொடுப்பது இந்தத் தலைப்பைத்தான். ஆனால் 2018 டிசம்பர் வெள்ளத்தின் ஓர் இரவை அதிலிருந்து காட்ட முயல வேண்டாம். சிர்ப்ஸ் ஐந்து நாள் தொகையைக் கணித்துவிட்டு அதை நாட்களுக்குப் பங்கிடுகிறது. ஒரே இரவில் கொட்டிய மழை அதில் தணிந்துதான் தெரியும்.

கிணற்றுத் தரவுக்கு ஒரு விதி. கிணறுகளுக்கு இடையில் நீர்மட்டத்தை வழுவழுப்பான பரப்பாக இழுக்க விடாதீர்கள். வவுனியாவில் அடியில் இருப்பது கரும்பாறை, நீர் வெடிப்புகளில் நிற்கிறது. அரைக் கிலோமீற்றர் தள்ளிய இரண்டு குழாய்க்கிணறுகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பே இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு கிணற்றையும் கீழ்நோக்கிய ஒரு கோடாக வரைந்து, நீர் தொடங்கும் இடத்தில் நிறத்தை மாற்றினால் போதும். மேசைக்குக் கீழே குனிந்து பார்க்கும் அந்தச் செயல் கணினித் திரையில் கிடைக்காது. வீஆர் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை இல்லை.

ஒன்றைக் கவனமாகச் சொல்கிறேன். இடம்பெயர்வு, உயிரிழப்பு பற்றிய தரவை முதற் செயற்றிட்டமாகக் கொடுக்காதீர்கள். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டாரே அந்த எண்களுக்குள் இருப்பார்கள். ஹெட்செட்டுக்குள் தனியே நின்று அதைப் பார்ப்பது வேறு விதமான பாரம்.

ஓமந்தைச்சந்தி

மிக்க நன்றி இருவருக்கும். நாலு பேர் குழு, ஏ-பிரேம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு மாதிரியை ஓட்டிப் பார்த்ததில் இரண்டு சிக்கல். சுமார் 2000 புள்ளிகளைக் கோளங்களாக வைத்தால் தலையைத் திருப்பும்போது காட்சி திக்கித் திக்கி வருகிறது. ஊர்ப்பெயர்கள் தமிழில் வரவே இல்லை, ஆங்கிலம் மட்டும் வருகிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கனகராயன்_கரை

திக்குவதற்குக் காரணம் கோளம். ஏ-பிரேமின் இயல்பான கோளம் குறுக்கே 36, நெடுக்கே 18 துண்டு. அதாவது ஒன்றுக்கு 1224 முக்கோணம். 2000 கோளத்துக்கு 24 இலட்சத்துக்கு மேல், அதுவும் ஒவ்வொரு கண்ணுக்கும். அதோடு ஒவ்வொரு கோளமும் தனித்தனி வரைதல் அழைப்பு, அதாவது கிராபிக்ஸுக்குக் கொடுக்கும் தனிக் கட்டளை. 72 ஹேர்ட்ஸில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 13.9 மில்லிசெக்கன்தான். துண்டுகளை 8க்கு 6 ஆக்கினால் ஒன்றுக்கு 80 முக்கோணம், மொத்தம் 1 இலட்சத்து 60 ஆயிரம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதோடு நிற்காமல் ஏ-பிரேமுக்கு அடியில் உள்ள திரீ.ஜேஎஸ் நூலகம் தரும், ஒரே வடிவத்தைப் பல இடங்களில் ஒரே தடவையில் வரையும் இன்ஸ்டன்ஸ்டு மெஷ்ஷில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள், 2000 அழைப்பு ஒன்றாகிவிடும். நிலப்பரப்பையும் 129க்கு 129 புள்ளியாகக் குறைத்தால் 32,768 முக்கோணத்தோடு முடிந்தது.

தமிழ் எழுத்து: ஏ-பிரேமின் உரைக் கருவி முன்கூட்டியே படமாக்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. இயல்பு எழுத்துருவில் தமிழே இல்லை. தமிழ் எழுத்துருவை மாற்றிப் புகுத்தினாலும் 'நெடுங்கேணி' என்பதில் கொம்பு நகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கிளிநொச்சி'யின் 'நொ' உடைந்துவிடும். யுனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ்புரோவிலும் இதே வியாதி. பிரவுசரின் கன்வஸ் என்ற வரைபலகையில் எழுதினால் எழுத்தைச் சரியாகக் கோப்பது பிரவுசரின் வேலையாகிவிடும். 512க்கு 128 கன்வஸில் பெயரை எழுதி, அதைத் தட்டையான பலகையில் படமாக ஒட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பைக் கணினியிலேயே வைத்து, எழுத்துரு ஏறி முடிந்த பிறகே வரைய வேண்டும். அவசரப்பட்டால் முதல் தடவை வேறு எழுத்துருவில் வந்து, புதுப்பித்தால் சரியாகும். மாணவர் காரணம் புரியாமல் மணிக்கணக்கில் தேடும் பிழை இது.

குவெஸ்ட் 2இல் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 20 படப்புள்ளி. தமிழெழுத்தின் சுழிகள் பிரிந்து தெரிய 30 புள்ளி உயரமாவது வேண்டும், அதாவது ஒன்றரைப் பாகை. 2 மீற்றர் தூரத்தில் அது 5 சென்ரிமீற்றர் எழுத்து. எல்லா ஊர்ப்பெயரையும் ஒன்றாகக் காட்டினால் மேசை மறைந்துவிடும், சுட்டும் இடத்தின் பெயரை மட்டும் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு. ஏ-பிரேமில் வடக்கு என்பது இசட் அச்சின் எதிர்த்திசை. நேர்த்திசையில் வைத்தால் வரைபடம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். சோதிக்க எளிய வழி: வவுனியாவில் நின்று கிளிநொச்சியைப் பார்த்தால் முல்லைத்தீவு வலக்கையில், மன்னார் இடக்கையில் வரவேண்டும். அடுத்தது, இடத்தை மீற்றரில் சொல்லும் யூடிஎம் 44 வடக்கு ஆள்கூறுகளை அப்படியே போடாதீர்கள். எங்கள் வடதிசை எண் 10 இலட்சம் மீற்றருக்குப் பக்கத்தில் வரும். அந்த அளவில் கிராபிக்ஸ் கையாளும் 32 பிட் தசம எண்ணின் அடுத்தடுத்த படிகளுக்கு இடையே 6.25 சென்ரிமீற்றர் இடைவெளி, அதனால் பொருட்கள் நடுங்கும். மேசையின் நடுப்புள்ளியை எல்லாவற்றிலிருந்தும் பைதனிலேயே கழித்துவிட்டு ஏற்றுங்கள்.

பதில்: பாலைநிழல்

கிழமைகளைப் பிரிப்பது பற்றி. முதல் மூன்று கிழமை எல்லாரும் ஒரே சிறு எடுத்துக்காட்டைச் செய்யட்டும். நாலாவதில் அரைப் பக்க முன்மொழிவு: கேள்வி என்ன, அதை யார் கேட்பார், தரவுக் கோப்பு எங்கே, மூன்றாம் பரிமாணம் எதற்கு. கோப்பைத் திறந்து காட்ட முடியாத முன்மொழிவை ஏற்க வேண்டாம். கிடைக்கும் என்று சொன்ன தரவு பத்தாம் கிழமையிலும் வந்திருக்காது. ஐந்தாவதில் காட்போட், நூல், களிமண் வைத்து மேசைமேல் மாதிரி. கிணற்றுக்கு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தால், எந்த உயரத்தில் கண் இருக்க வேண்டும் என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும், ஹெட்செட் நிமிடம் ஒன்றும் செலவாகாது. ஏழாம் கிழமையோடு தரவை மாற்றுவது நிற்க வேண்டும், பன்னிரண்டாம் கிழமையோடு நிரலும்.

பதின்மூன்றில் ஒவ்வொரு குழுவும் மற்றக் குழுக்களிலிருந்து 6 பேரை எடுத்து, ஒரே மாதிரியான கேள்விகளைத் திரையிலும் ஹெட்செட்டிலும் கேட்கட்டும். மூவர் திரையை முதலில், மூவர் ஹெட்செட்டை முதலில். விடை சரியா, எத்தனை செக்கன் என்று குறித்தால் போதும். 6 பேரை வைத்துப் புள்ளிவிபரச் சோதனை செய்ய விட வேண்டாம். திரை வென்றால் அதையே எழுதட்டும், முழுப் புள்ளியும் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் குழுவுக்கும் ஹெட்செட்தான் வெல்லும்.

தலைச்சுற்று: காட்சி நகர, உடல் நிற்கும்போது வருவது. பறந்து போகும் அசைவைத் தடைசெய்து, மேசையைச் சுற்றி நடக்க விடுங்கள். ஒருவருக்குக் குமட்டினால் உடனே கழற்ற வேண்டும், அன்று திரும்பப் போடக்கூடாது.

அறை: வெறும் வெள்ளைச் சுவரில் ஹெட்செட்டின் கமராக்களுக்குப் பிடி கிடைக்காமல் காட்சி வழுக்கும். சுவரொட்டி நாலைந்து ஒட்டுங்கள். குழல்விளக்கு இருந்தால் ஹெட்செட் அமைப்பில் டிராக்கிங் (இடம் கண்காணிப்பு) அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் வையுங்கள். வில்லைகளை உலர்ந்த மைக்ரோபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், ஸ்பிரிட் படக்கூடாது. கழற்றும் ஹெட்செட்டை வில்லை மேலே பார்க்கக் கதிரையில் வைக்கும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. யன்னல் வெயில் சில நிமிடம் வில்லைக்குள் விழுந்தால் உள்ளே திரையில் நிரந்தரப் பொட்டு எரிந்துவிடும். மேசைகளை யன்னலுக்கு எதிர்ச்சுவரில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூடி போட்ட பெட்டி ஒன்று வையுங்கள்.