குழந்தைக்குப் பத்திரிகை: நாம் எடுத்துக் கொடுப்பதா, அவர்களே எடுப்பதா?

மழைக்காகிதம்:
மகளுக்கு எட்டு வயது. போன வருடம் அவளுக்காக ஒரு அறிவியல் மாத இதழுக்குச் சந்தா கட்டினேன். நல்ல தாள், நல்ல படங்கள், விளம்பரமே கிடையாது. நேற்று அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தால், வந்த பன்னிரண்டில் முதல் மூன்றில் மட்டும்தான் கைபட்ட அடையாளம். இரண்டு இதழ்களின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இப்போது அவள் கேட்பது படக்கதை இதழ். அட்டையில் பிளாஸ்டிக் பொம்மை ஒட்டி வருமே, அந்த வகை. சந்தாவைப் புதுப்பிப்பதா, கேட்டதை வாங்கிக் கொடுப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குவாத்தியார்:
புதுப்பித்துவிடுங்கள் அம்மா. பொம்மை ஒட்டிய இதழ் என்பது பொம்மையைச் சுற்றி வரும் காகிதம், அவ்வளவுதான். என் பேரனுக்கு ஒன்று வாங்கி, உட்கார்ந்து பக்கம் எண்ணினேன். 36 பக்கத்தில், சேர்ந்தாற்போல் நாலு வரிக்கு மேல் எழுத்து இருந்தது ஐந்தே பக்கத்தில். மற்றதெல்லாம் ஒட்டுப்படம், வண்ணம் தீட்டு, புள்ளியை இணை, அப்புறம் அதே பொம்மையின் அண்ணன் தம்பிகளுக்கு விளம்பரம். இதைப் படித்து எந்தக் குழந்தைக்கு வாசிப்பு வரும்?

நூலகப்பூனை:
சார், பொம்மை இதழ் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் "புதுப்பியுங்கள்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒன்பது இதழ் தொடாமல் கிடக்கிறதே!

நான் நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் இருக்கிறேன். எந்த இதழ் ஓடுகிறது என்று பார்க்க எனக்குப் பதிவேடு வேண்டாம். இதழை மூடிவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் போதும். குழந்தைகள் நிற்கும் பக்கங்களின் ஓரம் மட்டும் கறுத்திருக்கும். பெரும்பாலும் புதிர், துணுக்கு, குழந்தைகள் அனுப்பிய கடிதம், படம். நடுவில் நாலு பக்கக் கட்டுரை வெள்ளை வெளேர் என்று இருக்கும்.

1946இல் தொடங்கிய அமெரிக்க இதழ் 'ஹைலைட்ஸ்' இன்றும் வருகிறது. ஒரு பெரிய படத்துக்குள் சீப்பு, ஊசி, வாழைப்பழம் என்று ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் பக்கம் அதில் பேர்போனது. எங்களிடம் இருக்கும் பழைய இதழ்களில் யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றுக்கும் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருப்பார். அதைப் பிரிக்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கணக்குவாத்தியார்:
சீப்புக்கு வட்டம் போடுவது வாசிப்பா?

நூலகப்பூனை:
இல்லைதான். ஆனால் வட்டம் போட வந்த குழந்தைதான் எதிர்ப்பக்கத்துக் கதையையும் பார்க்கிறது. வராத குழந்தை எதைப் பார்க்கும்?

இரட்டைவால்:
நான் படக்கதையில் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவன், அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 1988இல் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் அரிய சொற்கள் எங்கே அதிகம் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரம் சொல்லுக்குக் குழந்தைகள் புத்தகங்களில் 30.9, படக்கதைப் புத்தகங்களில் 53.5. கல்லூரி படித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் பேச்சில் வெறும் 17.3. அதாவது நாம் நாள் முழுக்கக் குழந்தையிடம் வாய் ஓயாமல் பேசுவதைவிட ஒரு படக்கதையில் புதுச்சொல் அதிகம். பிறகு எதற்கு அதை இரண்டாம்தரமாகப் பார்க்கிறீர்கள்?

கணக்குவாத்தியார்:
தம்பி, அந்தக் கணக்கு முழுக்கதை உள்ள படக்கதைப் புத்தகத்துக்கு. "டமார்", "ஐயோ", "பிடி அவனை" என்று மூன்று குமிழில் முடியும் பக்கத்துக்கு அதைப் பொருத்தாதீர்கள். இந்த அம்மா கேட்பது எதைப் பற்றி என்று பாருங்கள்.

இரட்டைவால்:
அது சரி. ஒப்புக்கொள்கிறேன். கடையில் நின்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்தால் எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். பொம்மையோடு உறைபோட்டு ஒட்டி வைத்திருந்தால் புரட்டவே விடமாட்டார்கள், அதுவே ஒரு எச்சரிக்கைதான்.

சாய்வுநாற்காலி:
யாரும் தொடர்கதையைப் பற்றிப் பேசவில்லையே. அம்புலிமாமா 1947இல் வந்தது. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பான், அது கதை சொல்லும், கடைசியில் ஒரு கேள்வி கேட்கும், அவன் வாயைத் திறந்ததும் மறுபடி மரம் ஏறிவிடும். மாதாமாதம் இதேதான். எங்களுக்குச் சலித்ததே இல்லை. பதில் வரும் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, நீ என்ன சொல்வாய் என்று அண்ணனும் நானும் சண்டை போடுவோம். புதிர்ப்பக்கமெல்லாம் எதற்கு, கதையே புதிராக இருந்தது.

அடுத்த மாதம் என்ன ஆகும் என்று ஏங்க வைக்காத இதழை எந்தக் குழந்தையும் தேடாது. அறிவியல் இதழ்கள் பலவற்றில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனித் தீவு.

மழைக்காகிதம்:
எல்லோருக்கும் நன்றி. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளைக் கூப்பிட்டு, ஏன்டி படிக்கவில்லை என்று கேட்டேன். மூன்றாவது இதழை எடுத்துவந்து ஒரு பத்தியைக் காட்டினாள். ஒளிச்சேர்க்கை, பச்சையம், இலைத்துளை, கார்பன் டை ஆக்சைடு, எல்லாம் ஐந்து வரிக்குள். எதற்கும் விளக்கம் இல்லை. அட்டையில் '6 முதல் 14 வயது வரை' என்று போட்டிருக்கிறது. இதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

இரட்டைவால்:
அங்கேதான் கோளாறு அக்கா. ஆறு வயதும் பதினாலும் ஒரே இதழைப் படிக்குமா? 'கிரிக்கெட்' என்று ஒரு கதை இதழ், 1973இல் தொடங்கியது (விளையாட்டு இல்லை, பூச்சி). அது 9 முதல் 14 வரை. சின்னவர்களுக்கு அதே நிறுவனம் தனியாக இதழ்கள் நடத்துகிறது: 6 முதல் 9 வரை 'ஸ்பைடர்', 3 முதல் 6 வரை 'லேடிபக்'. கிரிக்கெட்டில் எனக்குப் பிடித்தது, கதையில் கடினமான சொல் வந்தால் பக்க ஓரத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் அதற்குப் பொருள் சொல்லும். குழந்தை யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு பக்கத்தை அவளையே படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் தனியாகப் படிக்க அது கடினம். உங்கள் இதழில் ஒரு பத்திக்கே ஒரு கை போய்விடும்.

கணக்குவாத்தியார்:
விரல் கணக்கு நல்லதுதான். ஆனால் அது 'தனியாகப் படிக்க' என்பதற்கு. சின்ன வயதில் கண்ணால் படித்துப் புரிவதைவிடக் காதால் கேட்டுப் புரிவது எப்போதும் ஒரு படி முன்னே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் படியுங்கள், இலைத்துளை என்றால் என்ன என்று தொட்டியில் இருக்கும் செடியைத் திருப்பிக் காட்டுங்கள். கடினம் என்று ஒதுக்கிவிட்டால் கடினமானதை எப்போதுதான் தொடுவது? இதழ்மேல் பழி போடுகிறோம். பன்னிரண்டு மாதத்தில் அம்மா எத்தனை நாள் கூட உட்கார்ந்தீர்கள்?

மழைக்காகிதம்:
சார், வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். இரண்டு நாள் இருக்கலாம்.

நூலகப்பூனை:
அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம் சார். வேலைக்குப் போய்வந்து தினமும் யாரால் முடிகிறது?

இன்னொன்று சொல்ல நினைத்தேன். இதழில் குழந்தைகள் எழுதுவதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 1873இல் தொடங்கிய 'செயின்ட் நிக்கலஸ்' என்ற இதழ், 1899 முதல் வாசகக் குழந்தைகளின் கவிதை, கதை, ஓவியங்களுக்குப் போட்டி வைத்துத் தங்க, வெள்ளிப் பதக்கங்கள் கொடுத்தது. பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஈ. பி. ஒயிட் சிறுவனாக அதில் எழுதிப் பதக்கம் வாங்கியவர். பதக்கம் கிடக்கட்டும். நம் கடிதம் வந்திருக்கிறதா என்று தேடும் குழந்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டாமல் விடுமா?

மழைக்காகிதம்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. நூலகத்துக்குக் கூட்டிப்போய் நாலு விதமான இதழ்களைப் புரட்ட விட்டேன். விரல் மடக்கி அவளே ஒரு கதை இதழை எடுத்தாள், பொம்மை இல்லாததுதான். நேற்று இரவு வாத்தியார் சார் சொன்னபடி பழைய அறிவியல் இதழ்களையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது இதழில் ஆக்டோபஸ் படம், அதற்கு மூன்று இதயம் என்று இரண்டே வரி. அதை நாலு தடவை படிக்கச் சொன்னாள். காலையில் பார்த்தால் அந்த ஆக்டோபஸ் அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது.

கணக்குவாத்தியார்:
கத்தரித்தா? இதழையா? பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா?

மழைக்காகிதம்:
பார்த்தேன் சார். ஒளிச்சேர்க்கை.